மெல்போர்ன், 1960: மயக்க மருந்துக்குப் பயந்த மாணவரும் அடங்காத தசையும்

1960-இல் ஆஸ்திரேலியாவின் ராயல் மெல்போர்ன் மருத்துவமனைக்கு 21 வயது மாணவர் ஒருவர் கால் எலும்பு உடைந்து வந்து சேர்ந்தார். முழங்காலுக்குக் கீழே முறிவு. அறுவை சிகிச்சை செய்துதான் சரிப்படுத்த வேண்டும். அந்த வயதில் கால் உடைந்தால் எவரும் முதலில் கேட்பது, மறுபடி நடக்க முடியுமா, எத்தனை நாள் படுக்க வேண்டும் என்பதைத்தான். இவருடைய கவலை வேறு. காலைவிட, மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்பதுதான் அவரை உலுக்கியது. தன் உறவினர்களில் 10 பேர் மயக்க மருந்து கொடுத்தபோது இறந்துபோனார்கள் என்று அவர் சொன்னார். ஈதர்தான் அவர்களைக் கொன்றது என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை.

ஒரு குடும்பத்தில் 10 சாவு. அன்றைய நாளில் இதைக் கேட்கும் மருத்துவர் என்ன நினைத்திருப்பார்? ஈதர் பழைய மருந்து; சரியாகக் கொடுக்கத் தெரியாதவர்கள் கொடுத்திருப்பார்கள்; பையன் பயந்து போயிருக்கிறான். அப்படிச் சொல்லித் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். மயக்க மருந்து நிபுணர் ஜேம்ஸ் வில்லியர்ஸ் அப்படிச் செய்யவில்லை. ஈதரை விட்டுவிட்டு, புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த ஹாலோத்தேனைத் தேர்ந்தெடுத்தார். கவனமாகக் கொடுக்கத் தொடங்கினார்.

சிறிது நேரத்திலேயே ரத்த அழுத்தம் இறங்கியது. நாடி வேகமாக ஓடியது. தோல் நீலம் பூத்தது. உடம்பைத் தொட்டால் கொதித்தது. வில்லியர்ஸ் உடனே மருந்தை நிறுத்தினார். உடல் முழுவதும் ஐஸ் வைத்துக் குளிரவைத்தார்கள். மாணவர் பிழைத்துக்கொண்டார்.

பிழைத்த நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதே மருத்துவமனையில் இருந்த மருத்துவர் மைக்கேல் டென்பரோ அந்தக் குடும்பத்தைத் தேடிப்போய், யார் யாருக்கு எப்போது மயக்க மருந்து கொடுத்தார்கள், யார் இறந்தார்கள் என்று வம்ச வரைபடம் போட்டார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரக்கூடிய ஓங்கு மரபு முறையில் அந்தச் சாவுகள் இறங்கி வந்திருப்பது தெரிந்தது. அவரும் சக மருத்துவர் லவலும் சேர்ந்து 1960-இல் 'லான்செட்' இதழில் ஒரு சின்னக் கடிதமாக இதை எழுதினார்கள். 1962-இல் வில்லியர்ஸ் உள்ளிட்டோருடன் சேர்ந்து விரிவான கட்டுரை வந்தது. பிற்பாடு மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா (உயிருக்கு ஆபத்தான மிகை உடல் வெப்பம்) என்று பெயர் பெற்ற நோயின் தொடக்கம் இதுதான்.

தசைப் பாடத்தை இந்த மாணவரிடமிருந்து தொடங்குவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். பாடப்புத்தகம் தசை எப்படிச் சுருங்குகிறது என்று சொல்லித்தருகிறது. சுருங்காமல் சும்மா இருக்கும் தசைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. மெல்போர்ன் மாணவருக்கு உடைந்துபோனது அந்தச் சும்மா இருக்கும் திறன்தான்.

வெப்பம் எங்கிருந்து வந்தது?

டென்பரோவின் முதல் கடிதம் வந்தபோது குற்றவாளி தசை என்று யாருக்கும் தெரியாது. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி கெட்டுவிட்டதோ என்றும் சந்தேகம் இருந்தது. சாதாரணக் காய்ச்சலில் மூளைதான் வெப்பத்தின் அளவை உயர்த்தி வைக்கிறது. பாராசிட்டமால் வேலை செய்வதும் அந்தப் பாதையில்தான். இந்த நோயில் பாராசிட்டமால் எதுவும் செய்யாது. வெப்பம் புறப்படும் இடமே வேறு.

அடுத்தடுத்து வந்த நோயாளிகளிடம் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. கைகால்கள் மரக்கட்டைபோல விறைத்தன. சிலருக்கு, தசையைத் தளர்த்தப் போடும் சக்சினில்கோலின் என்ற ஊசி போட்டதும் தாடை இறுகி வாய் திறக்கவே முடியவில்லை. சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் வந்தது. ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ஏகத்துக்கு ஏறியிருந்தது. அந்த நொதி பெருமளவில் குடியிருப்பது தசைக்குள். அது ரத்தத்துக்கு வந்தது என்றால் தசைச் செல்லின் சுவர் கிழிந்திருக்கிறது என்று பொருள்.

ஒரு சராசரி மனிதரின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் எலும்புத் தசை. 60 கிலோ ஆளிடம் 24 கிலோ. தசை வேலை செய்யும்போது செலவாகும் ஆற்றலில் கால் பங்குபோலத்தான் உண்மையான வேலையாக மாறுகிறது, மீதி சூடாகிவிடும். குளிரில் நடுங்குவது இந்தச் சூட்டுக்காகத்தான். சரி, அந்த 24 கிலோவும் ஒரே நேரத்தில், ஓய்வே இல்லாமல் வேலை செய்யத் தொடங்கினால்? உடல் வெப்பம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ்கூட ஏறலாம்.

இங்கே ஒரு புதிர் இருந்தது. அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்த கியூராரே வகை மருந்துகளைக் கொடுப்பார்கள். நரம்பிலிருந்து வரும் கட்டளை தசையைத் தொடாமல் அவை தடுத்துவிடும். அந்த மருந்து முழுமையாக வேலை செய்துகொண்டிருக்கும் நோயாளிக்கும் தசை விறைத்தது. அதாவது நரம்பு கட்டளையே அனுப்பவில்லை, அனுப்பினாலும் வந்து சேராது, இருந்தும் தசை சுருங்குகிறது. கோளாறு நரம்பில் இல்லை, நரம்பும் தசையும் சேரும் இடத்திலும் இல்லை. தசைச் செல்லின் உள்ளே, ஆழத்தில் இருக்கிறது. அதனால் நாமும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு தசை நாருக்குள்

எலும்புத் தசையின் செல்லைத் தசை நார் என்கிறோம். செல் என்றதும் மனதில் வரும் உருண்டை வடிவத்தை மறந்துவிடுங்கள். இதன் தடிமன் தலைமுடி அளவு, அல்லது அதற்கும் குறைவு: 10 முதல் 100 மைக்ரோமீட்டர். நீளமோ பல சென்டிமீட்டர் போகும். கருவில் பல செல்கள் ஒன்றாக இணைந்து உருவானதால் ஒரே நாருக்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

நாருக்குள் நுண்இழைகள் கயிறுகளைப் போல நெருக்கமாக நீளவாக்கில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு நுண்இழையும் சார்க்கோமியர் என்னும் கண்ணிகள் கோத்த சங்கிலி. ஒரு கண்ணியின் நீளம் 2 மைக்ரோமீட்டரை ஒட்டி. அதன் நடுவில் தடித்த மயோசின் இழைகள். இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் நடுவை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை மெல்லிய ஆக்டின் இழைகள். நுண்ணோக்கியில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் தெரிவது இந்த அடுக்கினால்தான்.

சுருங்கும்போது இந்த இழைகள் எதுவும் குறுகுவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி உள்ளே போகின்றன, அவ்வளவுதான். இரண்டு கை விரல்களையும் எதிரெதிரே கோத்து உள்ளே தள்ளினால் விரலின் நீளம் மாறாமல் கைகள் நெருங்கிவருமே, அந்த மாதிரி. 1954-இல் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இதை இரண்டு குழுக்கள் தனித்தனியாக எழுதின. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும். மற்றதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் இல்லை.

வழுக்கவைப்பவை மயோசினின் தலைகள். ஒவ்வொரு தடித்த இழையிலும் 300 போல மயோசின் மூலக்கூறுகள்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலை. தலை ஆக்டினைப் பிடிக்கும், தேர்வடத்தைப் பிடித்தவர் இழுப்பதுபோல ஒரு இழுப்பு இழுக்கும், விடும், அடுத்த இடத்தைப் பிடிக்கும். ஒரு இழுப்பு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். இந்தச் சுழற்சிக்கு எரிபொருள், செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு.

ஏடிபி எங்கே தேவைப்படுகிறது என்பதில் பலரும் தடுமாறுவார்கள். இழுப்பதற்கான சக்தி அதிலிருந்துதான் வருகிறது என்பது உண்மை. ஆனால் மயோசின் தலை பிடியை விட வேண்டுமானால் அதற்கும் புதிய ஏடிபி மூலக்கூறு ஒன்று வந்து ஒட்ட வேண்டும். ஏடிபி இல்லாவிட்டால் தலை பிடித்த பிடியிலேயே உறைந்துவிடும். கறிக்கடையில் அப்போதுதான் அறுத்த ஆட்டின் தொடைக்கறியைப் பார்த்திருப்பீர்கள். கொழகொழவென்று இருக்கும், ஓரங்களில் லேசாகத் துடிக்கும். உயிர் போனாலும் நாருக்குள் ஏடிபி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சில மணி நேரம் போனால் அதே கறி விறைத்துவிடும். பிணம் விறைப்பதும் இப்படித்தான். விறைப்பு என்றால் பலம் கூடியதாகத் தோன்றும். நடந்திருப்பது, பிடியை விடுவதற்குச் சக்தி இல்லாமல் போனது.

கால்சியம் என்ற சாவி

இழைகள் எதிரெதிரே இருக்கின்றன, ஏடிபியும் இருக்கிறது. அப்படியானால் நம் தசைகள் ஏன் எந்நேரமும் சுருங்கிக்கொண்டே இருக்கவில்லை? ஆக்டின் இழையின் மேல் டிரோப்போமயோசின் என்ற புரதம் கயிறுபோலப் படுத்து, மயோசின் பிடிக்க வேண்டிய இடத்தை மறைத்திருக்கிறது. அதை நகர்த்துவது டிரோப்போனின். டிரோப்போனினை அசைப்பது கால்சியம். ஜப்பானின் செட்சுரோ எபாஷி 1960-களில் இதை நிறுவினார். இவ்வளவு பெரிய தசைக்கும் சாவி ஒரு சாதாரண உப்பின் அயனிதான் என்று அன்று பலர் நம்பத் தயங்கினார்கள்.

ஓய்வில் இருக்கும் தசை நாரின் திரவத்தில் கால்சியம் மிக மிகக் குறைவு. செல்லுக்கு வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போல. நாருக்குள்ளேயே கால்சியத்தைப் பூட்டிவைக்க ஒரு களஞ்சியம் உண்டு: சார்க்கோபிளாச வலை. ஒவ்வொரு நுண்இழையையும் வலைப்பின்னல் சட்டை போலச் சுற்றியிருக்கும். நாரின் மேற்பரப்பிலிருந்து குழாய்கள் உள்ளே இறங்கி இந்த வலையை உரசிக்கொண்டு போகும். நரம்பின் கட்டளை மேற்பரப்பில் மின்னலையாகப் பரவி இந்தக் குழாய்களுக்குள் இறங்குகிறது. குழாயின் சுவரில் இருக்கும் ஒரு புரதம் மின்மாற்றத்தை உணர்ந்து, எதிரே வலையின் சுவரில் இருக்கும் கதவைத் திறக்கிறது. கால்சியம் கொட்டுகிறது. திரவத்தில் அதன் அளவு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பல பத்து மடங்கு ஏறுகிறது. தசை சுருங்குகிறது.

அந்தக் கதவின் பெயர் ரையனோடின் ஏற்பி. தென்னமெரிக்கப் பக்கம் வளரும் ரையானியா செடியிலிருந்து எடுத்த நஞ்சு இதில் போய் ஒட்டுவதால் அந்தப் பெயர். உடலில் உள்ள அயனிக் கதவுகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று: 5,000-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த புரதங்கள் நான்கு சேர்ந்து ஒரு கதவு.

கட்டளை நின்றதும் கதவு மூடும். வெளியே கொட்டிய கால்சியத்தை வலைச் சுவரில் உள்ள பம்புகள் திரும்ப உள்ளே இறைக்கும். இரண்டு கால்சியம் அயனியை ஏற்ற ஒரு ஏடிபி செலவு. களஞ்சியத்துக்குள் கால்சியம் ஏகத்துக்கு இருக்கிறது, வெளியே ஏறக்குறைய ஒன்றுமில்லை. மேட்டுக்குத் தண்ணீர் இறைப்பது மாதிரி. நீங்கள் இதை அசையாமல் உட்கார்ந்து படிக்கும்போதும் உங்கள் தொடையில் இந்தப் பம்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கதவில் எப்போதும் கொஞ்சம் கசிவு உண்டு. கசிந்ததை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் தசை தளர்ந்து கிடக்கும்.

கதவு மூட மறுத்தால்

மெல்போர்ன் மாணவரின் நிகழ்வை இப்போது மறுபடி படிக்கலாம். இந்த நோய் உள்ள பெரும்பாலான குடும்பங்களில் ரையனோடின் ஏற்பியின் எலும்புத் தசை வகைக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அன்றாட வாழ்க்கையில் ஒன்றும் தெரியாது. கதவு சற்றுத் தளர்வாக இருக்கும், பம்பு சமாளித்துவிடும். நடப்பார், ஓடுவார், பந்து விளையாடுவார். ஹாலோத்தேன், ஈதர் போன்று மூச்சு வழியாகக் கொடுக்கும் ஆவி மயக்க மருந்து தசைக்குள் வந்ததும் அந்தத் தளர்ந்த கதவு திறந்துகொள்கிறது. திறந்தது மூடுவதில்லை.

கால்சியம் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மயோசின் தலைகள் ஓயாமல் இழுக்கின்றன, ஏடிபி கரைகிறது. பம்புகள் முழு வேகத்தில் இறைக்கின்றன, அதிலும் ஏடிபி கரைகிறது. இறைத்ததெல்லாம் திறந்த கதவு வழியே திரும்ப வெளியே வந்துவிடுகிறது. தசையில் கையிருப்பாக இருக்கும் ஏடிபி சில நொடிகளுக்குத்தான் காணும். உடனுக்குடன் புதிதாகச் செய்தாக வேண்டும். அதற்கு ஆக்சிஜனை விழுங்குகிறது. கார்பன் டை ஆக்சைடு குவிகிறது. ஆக்சிஜன் போதாதபோது லாக்டிக் அமிலம் ஏறி ரத்தம் புளிக்கிறது. நோயாளி நீலம் பூத்ததற்குக் காரணம் இதுதான்: நுரையீரல் கொடுத்த ஆக்சிஜனைத் தசை அப்படியே உறிஞ்சிவிட்டது.

கடைசியில் ஏடிபி தீர்ந்துபோகும். பிடித்த தலைகள் பிடித்தபடியே உறைகின்றன. உயிரோடு இருப்பவருக்கே பிணத்தின் விறைப்பு வருகிறது. செல்லின் சுவரைப் பராமரிக்கவும் சக்தி இல்லாமல் அது கிழிகிறது. உள்ளே இருந்த பொட்டாசியம் ரத்தத்துக்கு வந்து இதயத் துடிப்பைக் குலைக்கிறது. பெரும்பாலும் உயிரைப் பறிப்பது அதுதான். தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரைக் கறுக்கவைத்து, சிறுநீரகத்தையும் அடைக்கிறது.

இங்கே இதயத்தைப் பற்றி ஒரு கேள்வி எழும். அதுவும் தசைதானே, அதுவும் ஏன் விறைத்து நின்றுவிடவில்லை? இதயத் தசையிலும் கோடுகள் உண்டு, சார்க்கோமியர் உண்டு, கால்சியம்தான் சாவி. ஆனால் அதன் களஞ்சியக் கதவு வேறொரு மரபணுவிலிருந்து உருவாகும் ரையனோடின் ஏற்பியின் இரண்டாம் வகை. அது திறக்கும் முறையும் வேறு: எலும்புத் தசையில் குழாய்ச் சுவரின் புரதம் நேரடியாக இழுத்துத் திறக்கிறது, இதயத்தில் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே வந்து, அந்தக் கால்சியமே கதவைத் திறக்கவைக்கிறது. குடலிலும் ரத்தக்குழாயிலும் உள்ள மென்தசையில் டிரோப்போனினே கிடையாது. அங்கே கால்சியம் கால்மோடுலின் என்ற வேறொரு புரதம் வழியாக நிதானமாக வேலை செய்கிறது. எலும்புத் தசை, இதயத் தசை, மென்தசை என்று நாம் பள்ளியில் அட்டவணை போட்டுப் படித்த பிரிவை, இந்த நோய் ஒரு கதவை மட்டும் உடைத்துக் காட்டிவிடுகிறது.

பன்றிகள் சொன்ன சாட்சி

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பன்றி வளர்ப்பவர்களுக்கு ஒரு தீராத தொல்லை இருந்தது. கொழுகொழுவென்று வளர்ந்த பன்றிகள் லாரியில் ஏற்றும்போதும், ஒன்றோடொன்று சண்டை போடும்போதும், இணைசேரும்போதும் திடீரென விறைத்துச் செத்தன. வெட்டினால் கறி வெளிறி, சொதசொதவென்று நீர் விட்டது. 1966-இல் இங்கிலாந்தில் சில பன்றிகளுக்குச் சக்சினில்கோலின் கொடுத்தபோது, மனிதர்களிடம் பார்த்த அதே விறைப்பும் வெப்பமும் வந்தன. இதற்கப்புறம் பண்ணைகளில் குட்டிகளுக்கு முகமூடி வழியாக ஹாலோத்தேன் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். கால் விறைத்த குட்டியை இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்கினார்கள். அதிகச் சதையும் குறைந்த கொழுப்பும் உள்ள பன்றிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில், கசியும் கதவையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

1990-இல் மனிதர்களில் இந்த நோய் 19-ஆவது குரோமோசோமில் உள்ள ரையனோடின் ஏற்பியின் மரபணுவோடு சேர்ந்து இறங்குவது தெரிந்தது. 1991-இல் டொராண்டோவின் மெக்லென்னன் குழு பன்றியில் அந்த மாற்றத்தையே கண்டுபிடித்தது: 615-ஆவது இடத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியதில் சிஸ்டீன். வெவ்வேறு இனப் பன்றிகளிலும் அதே ஒரு மாற்றம். அதற்கு நேர் இணையான 614-ஆவது இடத்து மாற்றம் சில மனிதக் குடும்பங்களிலும் கிடைத்தது. 5,000-க்கும் மேற்பட்ட அமினோ அமிலத்தில் ஒன்று.

ஒரு அங்குலத் தசைத் துண்டு

மரபணு தெரிவதற்கு முன்பே, யாருக்கு இந்த நோய் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை வந்துவிட்டது. டொராண்டோவில் வெர்னர் காலோவும் பெவர்லி பிரிட்டும், பிழைத்த நோயாளிகளின் தசைத் துண்டு காஃபினுக்கு மிகையாகச் சுருங்குவதை 1970-இல் காட்டினார்கள். இன்றும் உறுதியான சோதனை அந்த வழியில் வந்ததுதான்.

தொடையின் வெளிப்பக்கத் தசையிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குல நீளமும் தீக்குச்சித் தடிமனும் உள்ள துண்டுகளை எடுக்கிறார்கள். 37 டிகிரி வெப்பத்தில், ஆக்சிஜன் குமிழியிடும் உப்புக் கரைசலில் தொங்கவிடுகிறார்கள். ஒரு முனை நிலையாக. மறுமுனை இழுவிசையை அளக்கும் கருவியில். மின்துடிப்பு கொடுத்தால் துண்டு வெட்டி வெட்டித் துடிக்கிறது: உடம்பை விட்டு வந்த தசை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. எடுத்த சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். பிறகு ஒரு துண்டுக்கு ஹாலோத்தேனும் இன்னொரு துண்டுக்குக் காஃபினும் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். கருவி வரையும் இழுவிசைக் கோட்டில், குறைந்த அளவுகளில் சாதாரணத் தசையின் அடிக்கோடு நகராது. நோயுள்ள தசையில் துடிப்புகளுக்குக் கீழே அந்தக் கோடு மெல்ல எழும்பும். ஐரோப்பிய வரையறைப்படி 0.2 கிராம் இழுவிசை அளவுக்கு எழும்பினால் போதும். உப்புக் கரைசலில் தொங்கும் அந்தச் சின்னத் துண்டு செய்வதைத்தான் மேசையில் அந்த மாணவரின் உடம்பு முழுவதும் செய்தது.

அப்படியானால் இவர்கள் காபி குடிக்கலாமா? இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சோதனையில் பயன்படும் காஃபினின் அடர்த்தி, ஒரு டம்ளர் காபி குடித்தபின் ரத்தத்தில் இருப்பதைப்போல நூறு மடங்குக்கும் மேல். தாராளமாகக் குடிக்கலாம்.

டென்பரோ 1973-இல் இன்னொரு தொடர்பையும் பார்த்தார். சென்ட்ரல் கோர் என்ற பிறவித் தசை பலவீன நோயில், நாரின் நடுவே மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஏடிபி தயாரிக்கும் உறுப்பு) இல்லாத வெற்றுப் பட்டை ஓடும். அந்த நோயாளிகளில் பலருக்கு மயக்க மருந்தின் ஆபத்தும் சேர்ந்தே இருந்தது. பின்னால் பார்த்தால் அதற்கும் காரணம் அதே மரபணு.

மருந்து

முதல் பத்தாண்டில் இந்த நோய் வந்தவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேர் இறந்தார்கள். ஐஸ் வைத்துக் குளிரவைப்பது வெளியே வந்த சூட்டைத்தான் குறைக்கும்; உள்ளே திறந்த கதவு திறந்தபடியே இருக்கும். மெல்போர்ன் மாணவர் பிழைத்ததற்கு, வில்லியர்ஸ் மருந்தைச் சீக்கிரம் நிறுத்தியது மிக முக்கியமான காரணம் என்பது என் கருத்து. அந்தக் குடும்பக் கதையைக் கேட்டிராவிட்டால் அவர் அவ்வளவு விழிப்பாக இருந்திருக்க மாட்டார்.

டான்ட்ரோலின் 1967-இல் வேறு நோக்கத்துக்காக உருவான மருந்து. பக்கவாதம், தண்டுவட பாதிப்பு உள்ளவர்களின் தசை இறுக்கத்தைத் தளர்த்தக் கொடுத்தார்கள். களஞ்சியத்திலிருந்து கால்சியம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று தெரிந்ததும், 1975-இல் கேப் டவுனில் கெய்ஸ்ஃபோர்ட் ஹாரிசன் நோயுள்ள பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். விறைத்த பன்றிகள் தளர்ந்தன, பிழைத்தன. 1979-இல் அமெரிக்காவில் ஊசி மருந்தாக அனுமதி கிடைத்தது. இந்த மருந்தை உடனே கொடுக்க முடிகிற இடங்களில் இப்போது இறப்பு 10 சதவீதத்துக்கும் கீழே.

கைக்கு வந்தாலும் அதைத் தயார் செய்வது பெரும்பாடு. பழைய வகைக் குப்பியில் ஆரஞ்சு நிறப் பொடியாக 20 மில்லிகிராம் இருக்கும். 60 மில்லி சுத்த நீர் ஊற்றிக் குலுக்க வேண்டும், எளிதில் கரையாது. முதல் தவணை எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 150 மில்லிகிராம், அதாவது எட்டுக் குப்பி. நோயாளி கொதித்துக்கொண்டிருக்க, ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்களில் இரண்டு மூன்று பேர் வேறு எந்த வேலையும் பார்க்காமல் குப்பிகளைக் குலுக்கிக்கொண்டிருப்பார்கள். 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புது வகையில் 250 மில்லிகிராமும் ஒரே குப்பியில், 5 மில்லி நீரில் கலந்துவிடுகிறது. விலை அதிகம், எப்போதோ ஒருமுறைதான் தேவை, அதற்குள் காலாவதியாகிவிடும்: இந்தக் காரணங்களால் டான்ட்ரோலின் எல்லா மருத்துவமனை அலமாரியிலும் இருப்பதில்லை. இந்தியாவில் நெடுங்காலம் அது எளிதில் கிடைக்காத மருந்தாகவே இருந்தது. இது எனக்கு உறுத்தலான விஷயம். மருந்து அடுத்த ஊரில் இருந்தால், இங்கே கதவு திறந்துகிடக்கும் நோயாளிக்கு அது இல்லாத மாதிரிதான்.

நோய் தொடங்குவதைக் கண்டுபிடிக்கும் வழியும் மாறிவிட்டது. பெயரில் வெப்பம் இருந்தாலும் வெப்பம் பெரும்பாலும் தாமதமாகத்தான் ஏறும். 1960-இல் கையால் தொட்டுத்தான் தெரிந்தது. சுவாசச் சுற்றில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச வைத்திருக்கும் சோடாச் சுண்ணாம்பு டப்பா தொட முடியாத அளவு சூடாவதும் அந்தக் காலத்து அறிகுறி. இப்போது மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைத் திரை தொடர்ந்து காட்டுகிறது. சுவாசத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்த எண் ஏறிக்கொண்டே போனால், வெப்பமானி அசைவதற்கு முன்பே மயக்க மருந்து நிபுணருக்குத் தசையின் மேல் சந்தேகம் வந்துவிடும்.

முன்பு மயக்க மருந்து வாங்கி எதுவும் ஆகாமல் வந்தவருக்கும் இது அடுத்த முறை வரலாம். அதனால் அறுவை சிகிச்சைக்கு முன் நடக்கும் பரிசோதனையில், உங்களுக்கோ ரத்த உறவில் யாருக்கோ மயக்க மருந்தால் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று கேட்பார்கள். பலரும் அவசரத்தில் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் ஒரு பெரியப்பா "ஆபரேஷன் டேபிள்லயே போயிட்டார்" என்று பேச்சு இருந்தால் அதைச் சொல்லுங்கள். காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மெல்போர்ன் மாணவருக்கும் காரணம் தெரியாது.

இந்த நோய் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அறுவை சிகிச்சையே கூடாது என்பதில்லை. விலக்க வேண்டியவை ஆவி மயக்க மருந்துகளும் சக்சினில்கோலினும்தான். நைட்ரஸ் ஆக்சைடு, புரோபோஃபால், கெட்டமைன், மரத்துப்போகச் செய்யும் ஊசிகள் எதுவும் அந்தக் கதவைத் திறப்பதில்லை. அந்த மாணவருக்கே பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் கல் வந்து மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. இந்த முறை முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தார்கள். உடம்பு சூடாகவில்லை, தசை இறுகவில்லை. கல்லை எடுத்தார்கள்.